முனை மாற்ற ஓர் ஓவர்

ரங்கூன் துறைமுக அலுவலகத்தின் இரண்டாவது கிரிக்கெட் அணியில் நான் மாற்றுப் பந்துவீச்சாளன். ஒருவரே அடுத்தடுத்து இரண்டு ஓவர் வீசக் கூடாது. அதனால் எங்கள் வேகப்பந்து வீச்சாளர் மறுமுனைக்கு மாற நினைத்தால், நடுவில் இன்னொருவர் ஓர் ஓவர் வீசியாக வேண்டும். அதற்குத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். “ரயிலுக்கு லைன் மாத்தி விடுறவன் வந்துட்டான்டா” என்று கூட ஆடுகிறவர்கள் சிரிப்பார்கள்.

முதல் அணியில் சேர்ந்தால் என் தற்காலிக குமாஸ்தா வேலை நிரந்தரமாகும். அப்பா அதே துறைமுகத்தில் அரிசி மூட்டை சுமந்தார். முதுகு போய்விட்டது. முதல் அணிக்கு ஆள் எடுக்கும் ஆட்டத்தன்று, இனி மூட்டை தூக்க வரமாட்டேன் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, வேலியோரம் வந்து நின்றார்.

என் ஓவரில் எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரின் ஸ்டம்பு சாய்ந்தது. வேகப்பந்து வீச்சாளர் மறுமுனையிலிருந்து ஓர் ஓவர் வீசி முடித்ததும், அடுத்தது எனக்குத்தான் என்று பந்துக்குக் கை நீட்டினேன்.

“நல்லாப் போட்ட தம்பி. நீ பவுண்டரிக்குப் போ” என்றார் காப்டன்.

சாயங்காலம் வேகப்பந்து வீச்சாளரை மட்டும் முதல் அணிக்கு எடுத்தார்கள்.

அப்பாவுக்குப் புரியவில்லை. “அவுட்டாக்குனது நீதானேய்யா? அப்புறம் ஏன் பந்தக் குடுக்கல?”

“அவரு அந்தப் பக்கம் போறதுக்குத்தாம்பா என்னைய வச்சிருக்காங்க.”

அவர் தோளில் கிடந்த துண்டைத் தலையில் சுற்றிக் கட்டினார்.

“நீ வீட்டுக்குப் போ. மேஸ்திரி கிளம்புறதுக்குள்ள பாத்துட்டு வந்துடுறேன்.”