இடப்பக்கத்துக்குக் கொடுத்த பந்து

உதைபந்தாட்டத்தில் நடுவில் நின்று ஆடுகிறவனுக்குப் பெயர் கிடைக்காது. கோல் அடித்தவனைத் தோளில் தூக்குவார்கள். கோல் விட்டவனைத் தாயோடு சேர்த்து ஏசுவார்கள். நடுவில் நின்றவனை ஆட்டம் முடிந்த பிறகு, "நீயும் ஆடினனியோ?" என்று கேட்பார்கள். வன்னியில் பத்து வருடமாக நான் ஆடிய ஆட்டத்தின் சரித்திரம் இவ்வளவுதான். கிண்ணத்தோடு எடுத்த படம் ஒன்று இருக்கிறது. அதிலும் முன்னால் நின்ற தடியனின் முழங்கை என் முகத்தை மறைத்துவிட்டது.

எனக்கு அதில் பெரிய குறை இருக்கவில்லை, ஏனென்றால் நடுவில் நாங்கள் இரண்டு பேர். வலப்பக்கம் நான். இடப்பக்கம் எட்டாம் இலக்க ஜேர்சியோடு அத்தான், என் அக்காவின் கணவர். நாங்கள் நாயாற்றுப் பக்கத்துக் கரையூர்க்காரர். கடலோரக் களப்பிலும் கடலிலும் மீன்பிடித் தொழில், ஞாயிறு காலை மாதா கோயிலில் பூசை, பின்னேரம் மணலில் பந்து. பந்து கிழிந்தால் வலை பொத்துகிற கைகளே அதைத் தங்கூசி நைலோன் நூலால் தைக்கும். தோல் காய்ந்தால் சுறா எண்ணெய் பூசுவோம். எதிரணிக்காரர் தலையால் அடிக்கத் தயங்குகிற பந்து அது. அந்த மணத்தின் புண்ணியத்தால் நாங்கள் வென்ற ஆட்டங்களும் உண்டு.

அத்தான் வாய் திறந்து பந்து கேட்க மாட்டார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'டக்' என்று ஒரு சத்தம் எழுப்புவார். களப்பில் மீனைக் கலைக்காமல் அடுத்த வள்ளத்தைக் கூப்பிட எங்கள் ஆட்கள் எழுப்பும் சத்தம்தான் அது. நான் திரும்பிப் பார்ப்பதில்லை. சத்தம் வந்த பக்கம் தட்டிவிட்டால் பந்து அவர் காலில் இருக்கும். நான் கேவலமாகக் கொடுத்த பந்துகள் கொஞ்சமல்ல. முள்ளுப் பற்றைக்குள் போனதையும் பாய்ந்து எடுத்திருக்கிறார். ஒருமுறை நான் வெட்கப்பட்டு நின்றபோது சொன்னார்: "நீ எப்பிடியும் குடு மச்சான். உன்ர பந்தை நான் விடமாட்டன். வந்த பந்தை விடுறவன் நடுவில நிக்கக் கூடாது."

"ஓம், வீட்டில சொல்லுற வேலையெல்லாத்தையும் விடுவார். பந்தை மட்டும் விடமாட்டார்" என்றாள் அக்கா.

தொண்ணூறில் திரும்பவும் போர் மூண்டு, எங்களுக்குக் கரை இல்லாமல் போனது. கடல் பக்கமிருந்து ஷெல் விழத் தொடங்கியதும் ஊரே எழும்பி உள்ளுக்குப் போய், கடைசியில் தர்மபுரத்தில் கொட்டில் போட்டோம். மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து அக்கா பெடலைக் கையால் சுற்ற, டைனமோவின் தயவில் ரேடியோ பாடும். சனிக்கிழமைகளில் இலண்டன் வானொலி அந்நாட்டு ஆட்டங்களின் முடிவுகளை வாசிக்கும். பெரிய கழகங்களின் முடிவு வந்ததும் மற்றவர்கள் எழும்பிப் போய்விடுவார்கள். அத்தான் மட்டும் கடைசிப் பிரிவு வரைக்கும் காதை வைத்துக்கொண்டிருப்பார். கை உளைகிறது என்று அக்கா முணுமுணுத்தால், "கொஞ்சம் பொறப்பா, எங்கட ஆள் இனித்தான் வருவான்" என்பார்.

எங்கட ஆள் என்று உண்மையில் யாரும் இல்லை. இங்கிலாந்தின் அந்தக் கடைசிப் பிரிவில் ஏதோ ஒரு கழகத்துக்கு நடுவில் நின்று ஆடுகிறவன் ஒருவன் இருப்பானே, அவன்தான். அத்தான் அவனைத் தானே உண்டாக்கி வளர்த்தார். அவன் மழைச் சேற்றில் ஆடுவான். முழங்கால் நோவுக்கு எண்ணெய் போடுவான். அவன் பெயரை ரேடியோ ஒருநாளும் சொல்லாது. வருடத்துக்கு ஒரு கழகம் அவனை வேண்டாம் என்று சொல்ல, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவான். "எங்களைப் போலத்தான், பாவி, இடம்பெயர்ந்து திரியிறான்" என்று கவலைப்படுவார். சில கிழமைகளில், மைதானம் உறைந்துவிட்டதால் ஆட்டம் ஒத்திவைப்பு என்று வாசிப்பார்கள். அக்காவுக்கு அது விளங்கவில்லை. "தோத்ததும் இல்லை, வெண்டதும் இல்லை. பிறகு நடக்கும்" என்று அத்தான் விளக்கினார்.

இடம்பெயர்ந்த இடத்திலும் எங்கள் ஊரின் பெயரிலேயே ஆடினோம். ஊர் கையில் இல்லாதபோது பெயரையும் விட்டால் என்ன மிஞ்சும்? தர்மபுரத்திலும் கண்டாவளையிலும் மைதானம் என்றால் அறுவடை முடிந்த வயல்தான். மணலில் வளர்ந்த எங்கள் கால்களை நெல்லின் அடிக்கட்டைகள் குத்திக் கிழித்தன. உள்ளூரில் வயல் செய்கிற கமக்காரப் பெடியள் வரம்பில் ஓடுவதுபோல அதில் ஓடித் திரிந்தார்கள், எங்களை "கருவாடு" என்று பகிடி பண்ணினார்கள். விமானச் சத்தம் கேட்டால் இரு அணியும் ஒரே வாய்க்காலுக்குள் குப்புறப் படுப்போம். எழும்பியதும், படுக்கும்போது பந்து யாரிடம் இருந்தது என்று சண்டை பிடிப்போம்.

அங்கே எங்களுக்குப் பிழைப்பு சரிவரவில்லை. களை பிடுங்கக் கூப்பிட்டவரின் வயலில் நான் நெல்லைப் பிடுங்கி, இரண்டாம் நாளே கலைக்கப்பட்டேன். ஆகவே அத்தான் கிழமைதோறும் சைக்கிளில் நாயாற்றுக்குப் போய், இரவல் வள்ளத்தில் இறாலுக்கு வலை போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குத் திரும்பி வருவார். ஆபத்தென்று எல்லோருக்கும் தெரியும். பசி அதைவிடக் கிட்டவாக இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், சைக்கிளில் இருந்தபடி படலையடியில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு அக்காவிடம் சொன்னார்: "எட்டை ஒருத்தருக்கும் குடுத்திடாதை. நான் வந்து போடுறன்."

அந்த ஞாயிறு அவர் வரவில்லை. கோல் காக்கும் எங்கள் அணித்தலைவர் மத்தியஸ்தரிடம் போய் ஆள் வந்துகொண்டிருக்கிறார் என்றார். பிந்தி வருகிறவன் இடையில் இறங்கலாம் என்பது விதி. பத்துப் பேராக ஆடினோம். நான் பந்தைப் பார்த்ததைவிட றோட்டைப் பார்த்ததே அதிகம். மறுநாள் நாயாற்றிலிருந்து இரண்டு பேர் வந்து விஷயத்தைச் சொன்னார்கள். விடியப்புறம் அத்தான் தனியே வள்ளத்தில் போனார், கடல் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது, ஆளும் வரவில்லை, வள்ளமும் வரவில்லை. நாங்கள் போய்க் கரை முழுக்க நடந்தோம். ஒரு பலகைத் துண்டுகூட ஒதுங்கியிருக்கவில்லை.

அக்கா அழவில்லை. வந்து குந்திய பெண்கள் ஒப்பாரிக்குக் குரல் எடுக்கப் பார்த்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள். "ஒத்திவைச்சிருக்கு. அவ்வளவுதான்" என்றாள்.

அடுத்த ஆட்டத்துக்கு எட்டாம் இலக்கத்தை யாருக்குக் கொடுப்பது என்று தலைவர் தயங்கித் தயங்கிக் கேட்க வந்தார். "வந்து போடுறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். வரேக்க இன்னொருத்தன் போட்டுக்கொண்டு நிண்டா அவர் எங்க நிக்கிறது?" என்று அக்கா கேட்டாள். அப்படித்தான் எங்கள் கழகத்தில் அந்த வழக்கம் வந்தது. இடைவேளை வரை பத்துப் பேர். எட்டாம் இலக்க ஜேர்சி கோட்டுக்கு வெளியே ஒரு சைக்கிள் ஹாண்டிலில் தொங்கும். இடைவேளைக்குப் பிறகு வேறு இலக்கத்தோடு ஒருவன் இறங்குவான். மத்தியஸ்தர்கள் முதலில் கேள்வி கேட்டார்கள், பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள்.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அக்கா அந்த ஜேர்சியைத் துவைப்பாள். சவர்க்காரம் இல்லாத காலம், பனம்பழத்தைப் போட்டுத்தான் துவைப்பு. யாரும் போடாத அந்த வெள்ளை ஜேர்சி துவைத்துத் துவைத்தே மஞ்சளாகிப் போனது. கோயிலில் பூசைக்குக் கொடுத்தால் 'சுகமாய்த் திரும்பி வர' என்றுதான் கொடுப்பாள். மரித்தவர்களின் திருநாளில் எல்லோரும் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தும்போது அவள் மட்டும் வாசலுக்கு வெளியே நிற்பாள்.

இனி எனக்கு நடந்ததைச் சொல்லவேண்டும். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு நட்டமில்லை. ஆட்டம் சூடுபிடித்து, மூச்சு வாங்கி, நாலு பேர் என்னைச் சுற்றி நிற்கும்போது, இடத்தோளுக்குப் பின்னால் 'டக்' என்று கேட்கும். கால் என்னைக் கேட்காது. பந்தை அங்கே தட்டிவிடும். பந்து ஆளில்லாத இடத்தினூடாக உருண்டு கோட்டைத் தாண்டிப் போகும். சனம் சிரிக்கும், தலைவர் பின்னாலிருந்து கத்துவார். எனக்குச் சிரிப்பு வராது. திரும்பிப் பார்த்தால் அவர் அங்கே நிற்பாரோ என்று பயம், நிற்க மாட்டாரோ என்று அதைவிடப் பயம்.

எனக்கு மட்டும் பைத்தியம் என்று ஆறுதல்படவும் முடியவில்லை. கண்டாவளை அணியில் எங்கள் இடப்பக்கத்தை எதிர்த்து ஆடும் ஒருவன், அந்த வெறும் இடத்தினூடாக ஓடாமல் எப்போதும் சுற்றிப் போவான். ஏன் என்று கேட்டேன். "அதுக்கால ஓடேக்க ஆரோ பக்கத்தில ஓடி வாற மாதிரி இருக்கு அண்ணை" என்றான். நான் அதை வீட்டில் சொல்லவில்லை.

வருடங்கள் போயின. புதிதாக அணிக்கு வந்தவர்கள் அத்தானைக் கண்டதில்லை. முதற் பாதியில் வாங்குகிற கோல்களை இரண்டாம் பாதியில் அடைக்க அவர்கள் நாக்குத் தள்ள ஓடினார்கள். அவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. தலைவருக்கு ஒரு யோசனை தோன்றியது. எங்கள் பக்கங்களில் இறந்தவர்களின் பெயரில் ஞாபகார்த்தக் கிண்ணம் வைத்துச் சுற்றுப்போட்டி நடத்துவது வழக்கம். அத்தானின் பெயரிலும் ஒன்று வைத்தால் மரியாதையாகவும் இருக்கும், அந்த இடத்தையும் நிரப்பலாம். அக்கா அவரைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, முழுவதையும் கேட்டாள்.

"ஞாபகார்த்தமோ? ஆருக்கு ஞாபகம்? நான் மறந்தே போனனான்?" என்றாள். தலைவர் தேத்தண்ணியைக் குடிக்காமலே வெளிக்கிட்டார்.

அந்த வருடம்தான் நாங்கள் வேறொரு சுற்றுப்போட்டியில் இறுதியாட்டத்துக்கு வந்தோம். எதிரணி தர்மபுரத்துக் கமக்காரர். இறுதியாட்டத்திலாவது தொடக்கத்திலிருந்து பதினொரு பேர் ஆடவேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து என்னை அக்காவிடம் அனுப்பினார்கள். நான் அடுப்படியில் நின்று, சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள். கடைசியில், "இந்த முறை மட்டும் அப்பிடியே ஆடுங்கோ. நானும் வாறன். அந்த இடம் எப்பிடி இருக்கெண்டு நான் ஒருக்காலும் பாக்கேல்லை" என்றாள். உண்மைதான். அத்தான் போன பிறகு அவள் எந்த ஆட்டத்துக்கும் வந்ததில்லை.

இறுதியாட்டத்தன்று ஜேர்சியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வரம்பில் இருந்தாள். பத்துப் பேராகத் தொடங்கினோம். கொஞ்ச நேரத்தில் ஒரு கோல் வாங்கினோம். அன்று அந்தச் சத்தம் முன்னொருபோதும் இல்லாத மாதிரிக் கேட்டது. அக்கா பார்க்கிறாள், கொடுக்காதே என்று என் காலுக்குச் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. 'டக்.' கொடுத்தேன். பந்து வெறும் இடத்தினூடாக உருண்டு, அவள் இருந்த வரம்பில் முட்டி நின்றது. திரும்பவும் 'டக்.' திரும்பவும் கொடுத்தேன். சனம் கைதட்டிச் சிரித்தது.

இடைவேளைக்கு நான் போய் அவள் பக்கத்தில் இருந்தேன். தண்ணீர்ச் செம்பைத் தந்தாள். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ அவருக்குத்தானே குடுத்தனி, தம்பி?"

நான் ஓம் என்றேன்.

"ரெண்டு தரம் குடுத்தாய். நல்ல பந்து ரெண்டும்."

"ஓம் அக்கா."

"அவர் எடுக்கேல்லை."

அவள் வயலைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்: "உன்ர பந்தை அவர் விடமாட்டார். எங்கயாவது உயிரோட இருந்தா, எப்பிடியாவது ஓடி வந்து எடுத்திருப்பார்."

எழும்பினாள். இரண்டாம் பாதிக்கு இறங்க நின்றவனிடம் போனாள். ஊருக்குப் புதிய குடும்பத்துப் பெடியன், அத்தானைத் தெரியாதவன். அவன் போட்டிருந்த ஜேர்சியைக் கழற்றச் சொல்லி, மஞ்சளாகிப்போன எட்டாம் இலக்கத்தைத் தானே அவன் தலைக்கு மேலால் போட்டு, தோளில் இழுத்துச் சரிசெய்தாள். "போடு ராசா. இது ஆடுறதுக்குத்தான்" என்றாள். எங்கள் தலைவர் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

ஆட்டம் தொடங்கியது. நாலு பேர் என்னை நெருக்கினார்கள். இடத்தோளுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது, மிக மெதுவாக. நான் பார்க்காமல் தட்டினேன். பந்து கோட்டைத் தாண்டவில்லை. திரும்பிப் பார்த்தேன். எட்டாம் இலக்கம் அதைக் காலில் எடுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது வரம்பிலிருந்து அக்காவின் குரல் எழுந்தது. செத்தவீட்டில் பெண்கள் தலையில் கைவைத்து எடுக்கிற குரல், இத்தனை வருடம் அவள் எடுக்க விடாத குரல். பெண்கள் ஓடிப்போய் அவளைப் பிடித்தார்கள். மத்தியஸ்தர் விசில் ஊதவில்லை, ஆனாலும் எல்லோரும் நின்றோம். எதிரணிக்காரர் தலையைக் குனிந்து நின்றார்கள். பந்து தன்பாட்டில் உருண்டு வாய்க்காலுக்குள் விழுந்தது.

அதற்குப் பிறகும் நான் ஆடினேன், அதே வலப்பக்கத்தில். இடத்தோளுக்குப் பின்னால் ஒருநாளும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்றைக்கும் கொடுத்துக்கொண்டுதான் இருப்பேன்.