பெய்ஜென் கேட்ட வெந்நீர்க் கிண்ணம்

பெய்ஜென் என் கடைக்குள் நுழைந்தால் நேரே கண்ணாடி ஃபிரிட்ஜ் முன்னால் போய் நிற்பாள். எங்கள் பிங்ஷியாங் பக்கத்துச் சாலைக்கடைகளில் மெனு அட்டையெல்லாம் கிடையாது. உள்ளே இருப்பதைக் காட்டி, எப்படிச் சமைக்க வேண்டும் என்று சொன்னால் போதும். லாரிக்காரர்கள் எதையாவது காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இவள் அப்படியில்லை. வாத்தை அழுத்திப் பார்ப்பாள், மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். "அக்கா, இது நேத்து வாத்து. இன்னிக்கு வாத்து எங்க?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அவள் வராத மாதம் கடை வெறிச்சென்றிருக்கும்.

அவள் எங்கள் ஊர்க்காரி இல்லை. பிறந்தது வூஷி பக்கம், கறிக்குழம்பிலேயே சர்க்கரை போடுகிற சனங்கள். நூல் மில்லுக்குச் சரக்கு இறக்க வந்த எங்கள் ஊர் லாரிக்காரன் லுவோவைப் பிடித்துப்போய், அப்பன் தலைதலையாய் அடித்துக்கொண்டும் கேட்காமல் அவனோடு வந்துவிட்டாள். எங்கள் ஊரில் மிளகாயே வேண்டாம் என்று சொன்னாலும் உறைக்கத்தான் செய்யும், ஏனென்றால் சட்டியே காரம். அதனால் சின்னப் பிள்ளைகளுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் பக்கத்தில் ஒரு கிண்ணம் வெந்நீர் வைப்போம். துண்டை அதில் அலசித் தின்றால் பிழைக்கலாம். மாமியார் வைத்த அந்தக் கிண்ணத்தோடு பெய்ஜென் ஒரு வருஷம் அழுதுகொண்டே சாப்பிட்டாள். அடுத்த புத்தாண்டு விருந்தில் சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, மூக்கு ஒழுக ஒழுக வாத்துக் கறியைத் தின்று முடித்தாள். அன்றிலிருந்துதான் அவளை எங்களில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொண்டோம்.

பிறகு நெடுஞ்சாலையில் டீசல் திருட்டு அதிகமானபோது அவளும் லாரியில் ஏறினாள். அவன் ஓட்டுவான். வண்டி நிற்கும்போது இவள் விழித்திருப்பாள், தார்ப்பாய் கட்டுவாள், கடையில் சாப்பாடு சொல்வாள். வாழ்க்கையே அந்த முன் சீட்டில்தான் என்றாகிவிட்டது.

போன மழைக்காலத்தில் லுவோ வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ரத்தமாய் வாந்தி எடுத்தான். ஸ்டியரிங்கை இவள்தான் எட்டிப் பிடித்து ஓரம் கட்டினாள். இரைப்பையில் புண். இனி மிளகாயைத் தொட்டால் அடுத்த முறை இங்கே தூக்கிக்கொண்டு வரவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியே யாருக்கும் சொல்லவில்லை. ஓட்டும்போது ரத்தம் கக்கியவனை நம்பி யார் சரக்கு ஏற்றுவார்கள்? வண்டிக் கடனோ பாதிகூட அடையவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள், அதுவும் சட்டிக்காக. புதுச் சட்டி ஒன்று வாங்கிக் கொடுத்து, "இதுல வேற யாருக்கும் தாளிச்சிடாதீங்க அக்கா" என்றாள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து சாப்பிட்டுப் போவார்கள்.

அன்றைக்கு மதியம் அவர்கள் வந்தபோது டெங் உட்கார்ந்திருந்தான். இந்தச் சாலையில் சரக்கு பிரித்துக் கொடுப்பவன் அவன்தான். குன்மிங் போகிற சரக்கு, வருஷம் முழுக்க ஓடக்கூடியது, யாருக்கு என்று அந்த வாரம் முடிவு செய்வதாக இருந்தான். கூட இரண்டு டிரைவர்கள்.

"லுவோ, இங்க வாய்யா. சேந்து சாப்பிடலாம்" என்றான்.

பெய்ஜென் ஃபிரிட்ஜை எட்டுவதற்குள் லுவோ போய் நின்றுவிட்டான். கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னான்: "மீன் தலை, வாத்து, புகைக்கறி. மிளகாய அள்ளிப் போடுங்க அக்கா. நம்மூரு காரம் தின்னு எத்தனை நாளாச்சு."

பெய்ஜென் முகத்தில் ஈயாடவில்லை. தடுத்தால் குட்டு வெளிப்படும், தடுக்காவிட்டால் புருஷன் மிஞ்சமாட்டான். என் பின்னாலேயே அடுப்படிக்கு வந்தாள்.

"கொஞ்சம் கொறைச்சுப் போடுங்க அக்கா."

"செவக்கலேன்னா டெங் கேப்பான்டி. அவனுக்குக் கண்ணு ரெண்டும் தட்டுலதான் இருக்கும்."

"அப்ப எனக்கு ஒரு கிண்ணம் வெந்நீ குடுங்க" என்றாள்.

மேஜையில் கிண்ணத்தைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு, எனக்குத்தான் ரெண்டு நாளாய் வயிறு சரியில்லை என்றாள். மீனை எடுத்து அலசினாள், வாத்தை அலசினாள். ஒரு துண்டு தன் வாயில், இரண்டு துண்டு லுவோவின் சோற்றில். பெண்டாட்டி புருஷனுக்கு எடுத்து வைப்பது வழக்கம்தானே, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தண்ணீர்தான் சிவந்துகொண்டே வந்தது.

"என்ன தங்கச்சி, மறுபடியும் கைப்புள்ளையாயிட்டியா?" என்றான் டெங். "பால்புட்டி வாங்கித் தரட்டுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். அதோடு விட்டிருக்கலாம். லுவோ வாயைத் திறந்தான்.

"எத்தனை வருஷம் இங்க குப்பை கொட்டினா என்ன, வூஷிக்காரி வூஷிக்காரிதான். நாக்கு பூரா சக்கரை."

கரண்டியாலேயே அவன் மண்டையில் ஒன்று போடலாமா என்றிருந்தது எனக்கு. யாருக்காக இந்த வெட்கத்தை அவள் சுமக்கிறாள், பேசுகிறவன் யார்!

பெய்ஜென் குச்சிகளால் மீன் தலையின் கன்னத்துச் சதையைப் பிய்த்தெடுத்தாள். மேலே உப்பில் ஊறிய மிளகாய் அப்பியிருந்தது. அதைத் தண்ணீரில் நனைக்கவில்லை. அப்படியே அவன் சோற்றின் மேல் வைத்தாள்.

"சாப்பிடுங்க" என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். டெங் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். துண்டை எடுத்தான். உதடு வரை போனது. எண்ணெய் சட்டையில் சொட்டியது. நான் தட்டும் கையுமாக நின்றேன்.

குச்சியைத் தாழ்த்தினான். அவள் முன்னால் இருந்த கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, துண்டை அதில் முக்கினான்.

"கிண்ணம் எனக்குத்தான் அண்ணே" என்றான் டெங்கிடம். "வயித்துல புண்ணு. வண்டியிலயே ரத்தமா வாந்தி எடுத்துட்டேன்."

டெங்கின் சிரிப்பு நின்றது. அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை. லுவோவின் கோப்பையில் மரியாதையாகத் தேநீர் ஊற்றி, "உடம்பப் பாத்துக்கப்பா. உடம்புதான் முக்கியம்" என்றான். பிறகு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். மற்ற இரண்டு பேரும் தலையைக் குனிந்து சோற்றை அள்ளினார்கள்.

லுவோ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். "போச்சு பெய்ஜென். இனி வண்டியும் போயிடும்."

அவள் அடுத்த துண்டை அலசிக்கொண்டிருந்தாள். வாசல் பக்கம் திரும்பவே இல்லை.

"போகட்டும். நீங்க வாயத் தொறங்க."