அரிசி அளவு போதும்

அவளுக்கு எரிச்சல் என்று பேர் வைத்தது யார் என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். டாட்டூ குத்திக்கொண்டவர்களின் எரிச்சலை ஆற்றக் களிம்பு காய்ச்சி விற்கிறவளுக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்காது. முகத்துக்கு நேரே ‘அக்கா’ என்பார்கள். தலை மறைந்ததும் ‘எரிச்சல் உள்ளே இருக்காளா?’ என்று கேட்பார்கள். அவளுக்கும் அது தெரியும். தெரிந்ததால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக எரிந்து விழுவாள்.

டாட்டூக் கடை தங்கையுடையது. முன்னறையில் கறுப்பு ரெக்ஸின் போட்ட படுக்கை, தலைக்கு மேல் வளைந்து நிற்கும் விளக்கு, சுவர் முழுக்கப் படங்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரை. திரைக்குப் பின்னால் எரிச்சலின் ராஜ்ஜியம்: ஒரு மின் அடுப்பு, கொதிநீரில் உட்கார வைத்த பாத்திரம், தேன்மெழுகுக் கட்டிகள், எண்ணெயில் ஊறிக் கிடக்கும் வல்லாரையும் சாமந்தியும், ஒரு சின்ன நீலப் புட்டியில் சிபிடி எண்ணெய். கஞ்சாச் செடியிலிருந்து எடுத்தது என்று கேள்விப்பட்டால் போதும், வருகிறவன் போகிறவனெல்லாம் பல்லை இளிப்பான். “அக்கா, இதைத் தடவினா போதை ஏறுமா?” “ஏறும். என் கையால ஒண்ணு வாங்கினா கிறுகிறுன்னு ஏறும். வேணுமா?” என்பாள். பரிசோதனைச் சான்றிதழைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். ஒருவராவது படித்ததில்லை.

ஒவ்வொரு டப்பா மூடியிலும் அவளே கைப்பட எழுதி ஒட்டுவாள்: அரிசி அளவு போதும். அவளுடைய வேதம் அந்த மூன்று சொல்தான். யாராவது தோல் சிவந்து, பொரிப்பொரியாகக் கிளம்பி வந்து நின்றால் அவளிடம் ஒரே பதில்தான். “அள்ளி அப்பியிருப்பீங்க. புதுப் புண்ணு மூச்சு விட வேணாமா? மூடியில என்ன எழுதியிருக்கு? படிக்கத் தெரியும்ல?” வந்தவர் இல்லையென்று சத்தியம் செய்தாலும் விடமாட்டாள். ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் மேல் தப்பு இருந்ததில்லை. அவள் கணக்கில் அப்படித்தான்.

அதற்கு முன்னால் பதினாலு வருஷம் ஒரு பெரிய விடுதியின் சலவைக்கூடத்தில் இருந்தாள். வெளுப்பு மருந்தில் கை இரண்டும் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கண்ட கண்ட களிம்பைப் போட்டுப் பார்த்து, ஒன்றும் கேட்காமல், தானே காய்ச்சத் தொடங்கினாள். கை ஆறியது. வாய் ஆறவில்லை. மேற்பார்வையாளரைப் பார்த்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டதில் வேலை போயிற்று. தங்கைதான் கூப்பிட்டுப் பின்னறையைக் கொடுத்தாள். தங்கையின் முதல் டாட்டூ மெஷின் அக்கா வாங்கிக் கொடுத்தது. அதை வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக்காட்டவில்லை என்றால் எரிச்சலுக்குச் சாப்பாடு இறங்காது.

இரண்டு பேரும் பேசாமல் போனது மூன்று வருஷத்துக்கு முன்னால். பாத்திரத்திலிருந்து கிளம்புகிற வாசனையைப் பற்றி வாடிக்கையாளர் ஒருத்தர் முகம் சுளிக்க, தங்கை சிரித்துக்கொண்டே, “என்ன பண்றது, நாங்க நாத்தத்துக்குப் பழகிட்டோம்” என்று சொல்லிவிட்டாள். திரைக்குப் பின்னால் காது இருக்கிறதே! எரிச்சல் வெளியே வந்தாள். படுத்திருந்தவர் கையில் பாதி குத்தியிருந்த படத்தைக் குனிந்து பார்த்தாள். “உனக்குக் கை நடுங்குதுடி. கோடு கோணலா இருக்கு பார்” என்றாள். கோடு கோணலாக இல்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனால் படுத்திருந்தவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். போனவர் சும்மாவும் இருக்கவில்லை. கை நடுங்குகிறவள் என்று ஊரெல்லாம் சொன்னார். தங்கை அதிலிருந்து மீள ஒரு வருஷம் பிடித்தது.

அன்றிலிருந்து பேச்சு வாடிக்கையாளர் வழியாகத்தான். இதில் அதிகமாக மாட்டிக்கொண்டு முழித்தவர் ரொட்டிக்காரர். ஆள் மலை மாதிரி. முதுகு முழுக்கத் திமிங்கலம் ஒன்று குத்திக்கொள்கிறார், வாரம் ஒரு பகுதியாக. குப்புறப் படுத்து, படுக்கையின் ஓட்டையில் முகத்தைப் புதைத்தபடி அவர் தூது போவார்.

“தொட்டியில மெழுகு அடைச்சிருக்குன்னு அந்தம்மாகிட்ட சொல்லுங்க” என்பாள் தங்கை.

“தொட்டியில மெழுகு அடைச்சிருக்காம்” என்று தரையைப் பார்த்துச் சொல்வார் அவர்.

“மை ஊத்தினா மட்டும் தொட்டி பூத்துக் குலுங்குதான்னு கேளுங்க” என்று திரைக்குப் பின்னாலிருந்து வரும். அவர் அதையும் கேட்பார். வேறு வழி?

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் ஒரு நாள், பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு பெண் தோள்பட்டை சிவக்கச் சிவக்க வந்து நின்றாள். எரிச்சல் வழக்கம்போலப் படிக்கத் தெரியுமா என்று கேட்டாள். அந்தப் பெண் அழுதுகொண்டே போய், கடையின் இணையப் பக்கத்தில் நடந்ததையெல்லாம் எழுதிப் போட்டுவிட்டாள். படம் வேறு. அந்த வாரம் முன்பதிவு செய்திருந்த ஐந்து பேர் வரவில்லை.

“ரொட்டிக்காரரே, அந்தம்மாவோட அடுப்பைத் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க. பின்னாடி அறையில டாட்டூ குத்த இன்னொரு நாற்காலி போடப் போறேன். அந்தக் களிம்பால என் பேர் கெடுது.”

ரொட்டிக்காரருக்குத் தூது போகிற வேலையே வரவில்லை. திரை விலகியது. எரிச்சலின் முகத்தைப் பார்க்க முடியாதபடி தான் குப்புறப் படுத்திருந்ததற்கு அவர் அன்றைக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

“களிம்பாலயா? என் களிம்பாலயா? சரி. என் கையிலயே குத்தச் சொல்லுங்க. பாதியில களிம்பு, பாதியில வெறும் சோப்புத் தண்ணி. ஒரு மாசம். களிம்பு போட்ட பாதி மோசமா ஆறுச்சுன்னா நானே அடுப்பைத் தூக்கிட்டுப் போறேன். நல்லா ஆறுச்சுன்னா இந்த அறைப் பக்கம் யாரும் தலை வெச்சுப் படுக்கக் கூடாது.”

ஐம்பத்திரண்டு வயதில் உடம்பில் ஒரு புள்ளிகூடக் குத்திக்கொள்ளாதவள். டாட்டூ என்றாலே, நல்லாயிருக்கிற சுவரில் கிறுக்குகிற வேலை என்பாள். ஆனால் அந்த அறையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. குடியிருக்கிற இடம் ஒற்றை அறை. அங்கே மெழுகு உருக்கினால் வீட்டுக்காரர் அன்றைக்கே சாமான்களைத் தூக்கி வெளியே வைப்பார். அறை போனால் களிம்பும் போச்சு, களிம்பு போனால் அவளும் போச்சு.

“சரின்னு சொல்லுங்க” என்றாள் தங்கை.

என்ன படம் என்பதைத் தங்கையே முடிவு செய்தாள். ஸ்கேல். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற அளவுகோல்; மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இருபது சென்டிமீட்டர், ஒன்றுவிட்டு ஒரு கட்டம் கறுப்பு. பத்து வரைக்கும் களிம்பு, பத்துக்கு மேல் சோப்பு. நடுங்குகிற கையால் ஸ்கேல் வரையவே முடியாது. எதற்காக அந்தப் படம் என்று எரிச்சலுக்குப் பார்த்த நிமிஷமே புரிந்தது. என்ன கொழுப்பு!

இரண்டரை மணி நேரம். தங்கையின் கை அக்கா மேல் பட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது; பட்டபோதும் நடுவில் கையுறை இருந்தது. எரிச்சல் கண்ணை எடுக்காமல் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில், ஒரே ஒரு இடத்தில் கோடு பிசகாதா என்று காத்திருந்தாள். பிசகவில்லை. இருபது கோடும் அடித்து வைத்த மாதிரி நேராக வந்தன. எவ்வளவு சுத்தமான கை இவளுக்கு! சொல்லிவிடலாம் என்று வாய்வரைக்கும் வந்தது.

“வலிக்குது. மெதுவா குத்தச் சொல்லுங்க” என்றாள், அறையில் வேறு யாரும் இல்லாதபோது.

தோற்கக் கூடாது என்ற வெறி வந்துவிட்டால் மனுஷிக்குப் புத்தி எங்கே இருக்கும்? முதல் நாள் அரிசி அளவுதான் தடவினாள். இரண்டாம் நாள் இன்னும் கொஞ்சம் போட்டால் இன்னும் நன்றாக ஆறுமே என்று தோன்றிற்று. மூன்றாம் நாள் விரலில் வழித்து எடுத்தாள். அப்புறம் ஒரு நாளைக்கு நாலு தடவை, ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற மாதிரி. படுக்கும்போது மேலே பிளாஸ்டிக் தாளை வேறு சுற்றிக்கொண்டாள். ஒரு வாரத்தில் அந்தப் பாதி நசநசவென்று ஊறிப்போய், சின்னச் சின்னக் கொப்புளமாகக் கிளம்பியது. பயந்துபோய் இன்னும் அதிகமாகத் தடவினாள். ஒன்பது வருஷமாக ஊருக்கெல்லாம் படித்துக் காட்டியவள், தன் கைக்கு வந்தபோது மூடியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாதம் முடிந்த அன்று முழுக்கைச் சட்டை போட்டு வந்தாள். ரொட்டிக்காரர் தன் முறைக்காகச் சட்டையைக் கழற்றிவிட்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். தங்கை விளக்கை இழுத்து, சட்டைக் கையை மேலே சுருட்டினாள். முழங்கைப் பக்கம் பத்து சென்டிமீட்டர், அச்சடித்த மாதிரி பளிச்சென்று இருந்தது. மணிக்கட்டுப் பக்கம் மூன்றிலிருந்து ஏழு வரைக்கும் கறுப்பு திட்டுத்திட்டாகக் கழன்று, எலி கடித்த மாதிரி இருந்தது. ஐந்தாம் கோட்டைக் காணவே காணோம்.

தங்கை கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்திப் பார்த்தாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

“எவ்வளவு தடவினே?”

மூன்று வருஷத்தில் நேராக வந்த முதல் பேச்சு. எரிச்சலின் நாக்கு நுனியில் பதில் இருந்தது: அரிசி அளவுதான். அப்படிச் சொன்னால் மானம் தப்பும். ஆனால் பழி களிம்பு மேல் விழும். திரை விலகியிருந்தது, அலமாரியில் அவள் கையெழுத்து ஒட்டிய டப்பாக்கள் வரிசையாகத் தெரிந்தன.

“அள்ளி அப்பிட்டேன்” என்றாள். “நாளைக்கு நாலு தடவை. மேல பிளாஸ்டிக் வேற சுத்தினேன். களிம்பு மேல தப்பு இல்ல. நான்தான்.”

மூலையில் ரொட்டிக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டார். எரிச்சல் வாயிலிருந்து ‘நான்தான்’ என்று ஒரு சொல் வந்து யாரும் கேட்டதில்லை.

“தெரியும். பார்த்ததுமே தெரிஞ்சுது” என்றாள் தங்கை. கையுறையைக் கழற்றினாள். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தாள். அக்காவின் டப்பா, உள்ளே சுரண்டிச் சுரண்டித் தகரம் தெரிந்தது. “நாள் பூரா கையுறைக்குள்ள வெந்து என் கையும் வெடிக்குது. மூணு வருஷமா ராத்திரி இதைத்தான் போடறேன். உன் அலமாரியில இருந்துதான் எடுப்பேன். களிம்புல ஒரு குறையும் இல்ல.”

எரிச்சலுக்கு உடம்பெல்லாம் லேசான மாதிரி இருந்தது. அப்படியென்றால் அறை இருக்கிறது! அடுப்பு இருக்கிறது!

தங்கை போகவில்லை, அங்கேயே நின்றாள். “வேற ஏதாவது சொல்லணுமா உனக்கு?”

என்ன கேட்கிறாள் என்று எரிச்சலுக்கு நன்றாகத் தெரியும். கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலக் கண்ணெதிரே இருந்தது அந்தப் பதில். ஆனால் ஒரே நாளில் இரண்டு தடவையா குனிவது? வீம்பு வந்து வாயை அடைத்தது.

“வேற என்ன இருக்கு?” என்றாள்.

தங்கை தலையை ஆட்டிக்கொண்டாள். டப்பாவை எடுத்து மறுபடி இழுப்பறைக்குள் வைத்தாள். “வாரத்துக்கு ஒரு தடவை பார்சல் அனுப்பு. இங்கயே வெச்சு விப்பேன். எங்க வேணா காய்ச்சிக்கோ. ஆனா நீ வராதே.”

“என்னடி சொல்றே? களிம்புல குறை இல்லைன்னு இப்பதானே சொன்னே!”

“களிம்புல இல்ல. உன்னைத்தான் என்னால தாங்க முடியல.”

கத்தியிருந்தால் எரிச்சலும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். தங்கை கத்தவில்லை. களைத்துப்போனவள் சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு, “வாங்க, படுங்க” என்று ரொட்டிக்காரரைக் கூப்பிட்டாள். பாவம், அவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வந்து குப்புறப் படுத்தார்.

எரிச்சல் உள்ளே போய்ப் பெட்டியில் சாமான்களை அடுக்கினாள். மெழுகு, புட்டி, பாத்திரம், சுவரில் இருந்த சான்றிதழ். பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. திமிங்கலத்தின் வாலுக்கு நிழல் ஏறிக்கொண்டிருந்தது. வாசல்வரைக்கும் போனாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். ரொட்டிக்காரரின் தலைமாட்டில் நின்றாள்.

“அவகிட்ட ஒண்ணு சொல்லுங்க.”

“சொல்லுங்கக்கா” என்றது தரையை நோக்கியிருந்த முகம்.

“கோடெல்லாம் நேரா இருக்கு. நான் கெடுத்ததைத் தவிர எல்லாம் நேரா இருக்கு. அன்னிக்கும் நேராத்தான் இருந்துச்சு. நான் வேணும்னே சொன்னேன்.”

மெஷின் நின்றது. ரொட்டிக்காரர் தரையைப் பார்த்துச் சொன்னார். “கோடு நேரா இருக்காம். அன்னிக்கும் நேராத்தான் இருந்துச்சாம். வேணும்னே சொன்னாங்களாம்.”

தங்கை காகிதத்தால் அவர் முதுகில் வழிந்த மையைத் துடைத்தாள். இரண்டு தடவை துடைத்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கேட்டுச்சுன்னு சொல்லுங்க” என்றாள். காகிதத்தைக் கூடையில் போட்டுவிட்டு, “திங்கட்கிழமை நாற்காலி வருது. அடுப்பு இன்னும் உள்ளேயே இருக்கு. அதையும் எடுத்துக்கச் சொல்லுங்க” என்றாள்.

ரொட்டிக்காரர் வாயைத் திறப்பதற்குள், “கேட்டுச்சு” என்று சொல்லிவிட்டு எரிச்சல் அடுப்பை எடுக்க உள்ளே போனாள்.