நேசன் அண்ணை விற்காத ஊர்

சித்திரை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், கிளேட்டனில் வேலையிடத்துக்கு முன்னால் நான் காரை நிறுத்திக்கொண்டிருந்தபோது எங்கள் கால்பந்துக் கழகப் பொருளாளர் அழைத்தார். "நேசன் அண்ணை மோசம் போயிட்டார். நெஞ்சு நோகுதெண்டு சொன்னவராம். அம்புலன்ஸ் வரமுன்னமே எல்லாம் முடிஞ்சுது" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நீ கடைசியா எப்ப அவரோடை கதைச்சனி?" என்று கேட்டார். அவருக்கே விடை தெரியும். மெல்பேர்னில் தமிழர் கால்பந்து பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். எட்டு மாதமாக நானும் நேசன் அண்ணையும் பேசவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ட்ருகனினாவில் ஒரு பெரிய களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். எங்கள் ஊரான மணற்குளத்தின் பெயரில் இங்கே அணி தொடங்கியவர் அவர்தான், பயிற்றுநரும் அவரே. நான் செயலாளர். ஆட்டம் முடிந்ததும் பதினைந்து ஜெர்சியையும் சேர்த்துக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்த் தானே தோய்ப்பார். "ஆளாளுக்கு வீட்டிலை தோய்ச்சா பதினைஞ்சு வாசம் வரும். ஒரு ரீமெண்டா ஒரு வாசம் இருக்கோணும்" என்பார். அவருடைய மனைவி மலர் அக்கா அந்த மூட்டையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

இங்கே நடக்கும் தமிழர் சுற்றுப்போட்டிகளில் அணிகள் ஊர்ப் பெயரில்தான் இறங்கும். எங்கள் யாப்பின், அதாவது கழக விதிகளின், மூன்றாம் பிரிவு, மணற்குளத்தில் பிறந்தவரும் அவர்களுடைய பிள்ளைகளும் மட்டுமே அணியில் விளையாடலாம் என்று சொல்லும். அதை எழுதியவன் நான். புதிதாக ஒருவன் வந்தால் முதலில் நான் கேட்பது "எந்தக் குறிச்சி?" என்றுதான். ஊரில் கோயிலடிப் பக்கமா, சந்தையடிப் பக்கமா என்று தெரிந்த பிறகுதான் அவனுக்குப் பந்து. அந்தக் கேள்வியைக் கேட்பதில் எனக்குப் பெருமை இருந்ததை மறைக்கமாட்டேன்.

2011இல், தங்கையின் மகளுடைய கல்யாணத்துக்கு நேசன் அண்ணை ஜெர்மனி போனார். தங்கையின் மகன் ஒரு பழைய கால்பந்துக் கிளப்பின் வெறியன். அவன் தன் கூட்டாளிகளோடு மாமனையும் ஏற்றிக்கொண்டு, கிழக்கே ஒரு நகரத்துக்கு ஆட்டம் பார்க்கப் போனான். பார்க்க என்று சொல்லக்கூடாது, எதிர்க்கப் போனான். அங்கே ஒரு பானக் கம்பெனி, சிற்றூர்க் கிளப் ஒன்றுக்கு லீக்கில் இருந்த இடத்தை வாங்கி, பெயர், சின்னம், நிறம் எல்லாவற்றையும் மாற்றி, நகரத்தின் பெரிய ஸ்டேடியத்தில் கொண்டுபோய் இறக்கியிருந்தது. அந்த நாட்டுக் கால்பந்து ரசிகர்கள் பலருக்கு அந்தக் கிளப்பின் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். "மாமா, இது கிளப் இல்லை, விளம்பரம்" என்று மருமகன் வழி முழுக்கப் பாடம் எடுத்திருக்கிறான்.

திரும்பி வந்த நேசன் அண்ணை அந்த ஸ்டேடியத்தைப் பற்றி வாயோயாமல் பேசினார். பழைய ஸ்டேடியத்தை இடித்துத் தள்ளவில்லையாம். அதன் பெரிய மண்மேடு புல் முளைத்து அப்படியே நிற்க, அதற்கு நடுவில் புதியதைக் கட்டியிருக்கிறார்களாம். "பழசின்ரை மேட்டிலை ஏறி, பாலத்தாலை நடந்துதான் புதுசுக்குள்ளை போகலாம். மிதிக்கேக்கை எனக்குக் கால் கூசினது" என்றார். உள்ளே பாதிக்கு மேல் காலிக் கதிரைகள். மருமகனின் கூட்டம் எதிர்ப்புக்காக மைதானத்துக்கு முதுகு காட்டி நின்றிருக்கிறது. "நானும் திரும்பி நிண்டனான். அஞ்சு நிமிசத்துக்கு மேலை ஏலாமல் போச்சு. பின்னாலை பந்து அடிபடுற சத்தம் கேக்குது, எப்பிடியடா பாக்காமல் நிக்கிறது?" எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த மாசியில் எங்கள் பொதுக்கூட்டம் நடந்தது. ட்ருகனினாப் பக்கம் வீடு கட்டி விற்கும் தமிழர் கம்பெனி ஒன்று, மைதானத்துக்கும் உடுப்புக்குமான செலவை ஏற்பதாகச் சொல்லியிருந்தது. அணியின் பெயரைத் தங்கள் கம்பெனிப் பெயராக மாற்ற வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நான் சிரித்துவிட்டு அடுத்த விடயத்துக்குப் போகப் பார்த்தேன். நேசன் அண்ணை எழும்பினார். "நான் அந்த ஸ்டேடியத்திலை கண்ட ஒண்டைச் சொல்லோணும். ஆட்டம் முடிஞ்சு வெளியிலை வரேக்கை..." என்று தொடங்கினார்.

நான் முடிக்க விடவில்லை. கம்பெனிக் கிளப்பைப் பார்த்து வந்து எங்களுக்கும் அதைக் கொண்டுவரப் பார்க்கிறார் என்று எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. இலங்கையில் எங்கள் ஊர் அப்போதும் இராணுவத்தின் வேலிக்குள் இருந்தது, ஒருவரும் திரும்பிப் போக முடியாது. மிஞ்சியிருந்தது பெயர் மட்டும். நாற்பது பேர் முன்னால், "ஊரை வித்துப்போட்டு வந்து நிக்கிறியள்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிள்ளை ஒன்று தவறி விழுவதைப் பார்க்கிறமாதிரிப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு, "போட்டு வாறன்" என்று சொல்லிப் போனார். திரும்பி வரவில்லை.

இரண்டு மாதத்தில் அந்தக் கம்பெனிப் பெயரில் ஓர் அணி வந்தது. பயிற்றுநர் நேசன் அண்ணை. படகில் வந்து, தற்காலிக விசாவில் இருந்த முல்லைத்தீவு, மன்னார், மட்டக்களப்புப் பெடியள். கிளேட்டனில் படித்த திருச்சிப் பையன் ஒருவன். நான் அவர்களை 'விளம்பரப் பலகை' என்று போகிற இடமெல்லாம் பகிடி பண்ணினேன்.

ஆவணி மாதத்து மெல்பேர்ன் குளிரில் அவர்களுக்கும் எங்களுக்கும் ஆட்டம் வந்தது. எங்கள் பக்கம் எட்டுப் பேர்தான் வந்திருந்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் பரீட்சை, பிறந்தநாள் விழா, ஏதாவது ஒன்று எப்போதும் இருக்கும். நேசன் அண்ணை மூன்று பெடியளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். எங்கள் பையிலிருந்த ஜெர்சிகளை அவர்கள் அதற்கிடையில் எடுத்து மாட்டியும்விட்டார்கள்.

"எட்டுப் பேரோடை என்னெண்டு விளையாடுறது? இவங்களை எடு தம்பி."

"யாப்பிலை இடமில்லை அண்ணை."

"யாப்பு வந்து விளையாடுமே?"

நான் நடுவரிடம் போய், ஆட்டத்தை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்தேன். அந்த மூன்று பெடியளும் குளிரில் நின்று ஜெர்சிகளைக் கழற்றி, மடித்து, ஒவ்வொருவராக என் கையில் தந்தார்கள். "தாங்ஸ் அங்கிள்" என்றான் மன்னார்ப் பெடியன் ஒருவன். எதற்கு நன்றி சொன்னான் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இறுதிச் சடங்குக்கு அந்தப் பெடியள் எல்லோரும் கம்பெனி ஜெர்சியோடு வந்திருந்தார்கள். செத்த வீட்டுக்கு இப்படியா வருவது என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். மலர் அக்கா என்னைக் கண்டதும் பக்கத்துக் கதிரையில் இருக்கச் சொன்னார். அழுகைக்கு நடுவில், "அண்டைக்கு மீற்றிங்கிலை அவர் சொல்ல வந்தது உங்களுக்குத் தெரியுமே?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

மலர் அக்கா சொன்னார்: ஜெர்மனியில் ஆட்டம் முடிந்து அந்த மண்மேட்டில் இறங்கும்போது, இரண்டு சின்னப் பேத்திகளோடு வந்த ஒரு வயதானவரை நேசன் அண்ணை கண்டிருக்கிறார். மருமகனை மொழிபெயர்க்கச் சொல்லி, எப்படி இந்தக் கிளப்பைப் பார்க்க வருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். அந்த நகரத்தில் பழைய கிளப்புகள் இரண்டு. ஒன்றுக்குப் போனால் மற்றதன் ஆட்கள் அடிக்க வருவார்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியாது. இந்தப் புதுக் கிளப்பை யாரும் தங்களுடையது என்று சொல்வதில்லை, அதனால் வாசலில் எங்களை யாரும் ஒன்றும் கேட்பதில்லை என்றாராம் அவர்.

"அதைத்தான் அண்டைக்குச் சொல்ல வந்தவர். கொம்பனிப் பேருக்கு ஊர் இல்லை மலர், எந்தக் குறிச்சியெண்டு ஒருத்தரும் கேக்கேலாது, படகிலை வந்த பெடியளும் வந்து விளையாடுவாங்கள் எண்டு இரவிரவாச் சொல்லிக்கொண்டிருந்தவர். அந்தப் பேர் அவருக்கும் பிடிக்கேல்லைத் தம்பி" என்றார் மலர் அக்கா.

போன மாதம் பொதுக்கூட்டம் கூட்டி மூன்றாம் பிரிவை நீக்கினோம். ஏழு பேர் வந்தோம், ஏழு பேரும் கை உயர்த்தினோம். வீட்டுக்கு வந்து அந்த மன்னார்ப் பெடியனுக்கு, இப்போது கம்பெனி அணியின் தலைவனுக்கு, போன் எடுத்தேன். மணற்குளம் அணிக்கு யாரும் வந்து விளையாடலாம், விரும்பினவர்களைக் கூட்டிக்கொண்டு வா என்றேன். அவன் மரியாதையாகத்தான் பதில் சொன்னான். "ஐயோ அங்கிள், எங்களுக்கு ஒரு ரீம் இருக்குத்தானே."

நேசன் அண்ணையை அறிந்தவர்கள் பலர், அவருடைய குரல் இன்னும் காதில் கேட்கிறது என்று நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் குரல் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வருகிறது. காரில் தனியாகப் போகும்போதும், மைதானத்தில் கோடு போடும்போதும் அவருடைய முகம் வருகிறது, அந்தப் பார்வையோடு. கூடவே கேட்பது என் குரல்தான், நாற்பது பேர் முன்னால் சொன்ன அந்த ஒரு வசனம். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவ்வளவுதான்.