சிவநேசமக்கா வாங்காத கறுப்பு விதை

குருவிக்குத் தீனி போடுவதிலும் பிடிவாதமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிவநேசமக்காவோடு அதற்காகவே ஒரு குளிர்காலம் முழுக்கச் சண்டை பிடித்திருக்கிறேன்.

மொன்றியலின் சென்ட் லோரன்டில் அவர் கீழ் வீடு, நான் மேல் வீடு. கணவர் தவறிப் பல வருடம். தையல் தொழிற்சாலையில் வேலை. ஒரே மகன் சாரங்கன், தொண்ணூற்று மூன்றில், கொழும்புக்குப் போகவென்று கிளாலியில் வள்ளம் ஏறினான். நடுக்கடலில் கடற்படையின் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதன்பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அக்காவோ அவனுக்கென்று ஒரு குளிர்க்கோட்டு வாங்கிக் கதவுக்குப் பின்னால் கொழுவி வைத்திருந்தார்.

அந்தக் குளிர் மாரியில்தான் குருவிகள் வந்தன. வடக்கே பனிக்காட்டிலிருந்து கூட்டமாக இறங்கும் சின்னக் குருவிகள். நெற்றியில் குங்குமம் வைத்ததுபோல ஒரு சிவப்பு. பக்கத்து வீட்டு மதாம் றோசா பின்வளவில் தீனிக்குழாய் தொங்கவிட்டிருந்தார். பார்த்து ஆசைப்பட்டு அக்காவும் ஒன்று தொங்கவிட்டார். றோசா சும்மா இருக்காமல், இந்தக் குருவிகளுக்கு இதுதான் பிடிக்கும் என்று ஒரு பை கறுப்பு விதையைக் கொண்டுவந்து நீட்டினார்.

பையைப் பிரித்ததும் அக்காவின் முகம் கறுத்துப்போனது.

"எள்ளு! உயிரோட இருக்கிற பிள்ளைக்கு நான் ஏன் எள்ளு இறைக்கோணும்?"

"அக்கா, இது எள்ளில்லை. வடிவாப் பாருங்கோ, நீட்டு விதை. வெறும் குருவித் தீனி."

"எனக்குக் கண் தெரியும். கொண்டுபோய்க் குடு."

நான் அசடு வழிய றோசாவிடம் திருப்பிக் கொடுத்தேன். அக்கா சூரியகாந்தி விதை போட்டார். குருவிகள் றோசா வீட்டிலேயே கிடந்தன. எங்கள் பக்கம் அணில்தான் வந்து தின்று கொழுத்தது.

அடுத்த மாரியில் ஒரு குருவிகூட வரவில்லை. இவை அப்படித்தான், ஒரு வருடம் வராது, மறு வருடம் வரும் என்றார் றோசா. அக்கா அதைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தியே தம்பி, வராததுகள் எல்லாம் செத்துப்போனதுகள் இல்லை."

எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

றோசா சொன்னபடி மறு மாரியில் வந்தன. அக்கா மகனின் குளிர்க்கோட்டை எடுத்துத் தூசி தட்டினார். அதே கிழமை அருமைநாதனும் வந்தான். கிளாலியில் சாரங்கனோடு அதே வள்ளத்தில் ஏறியவன். இப்போதுதான் அகதியாக மொன்றியல் வந்து சேர்ந்திருந்தான். அக்கா தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டு எதிரில் இருந்தார். நானும் இருந்தேன்.

"அவனுக்கு நெஞ்சில பட்டது, அன்ரி. என்ர மடியிலதான் உயிர் போனது. வள்ளம் தாழேக்க என்னால பிடிச்சு வைச்சிருக்க ஏலாமப் போச்சு."

அக்கா அழவில்லை. "தேத்தண்ணி ஆறுது, குடியும் தம்பி" என்றார்.

மறுநாள் காலை என் கதவைத் தட்டினார். "றோசாட்ட அந்த எள்ளு இருக்குமோ? கேட்டு வாங்கித் தாறியே?"

வாங்கிக் கொடுத்தேன். முழுகிய ஈரத்தலையோடு பனிக்குள் இறங்கித் தெற்குப் பார்த்து நின்றார். ஆண்கள் செய்கிற காரியம். செய்ய வீட்டில் ஆண் இல்லை. விதையை அள்ளி, செம்புத் தண்ணீர் விட்டு, மகன் பெயரைச் சொல்லிப் பனியில் இறைத்தார். அவர் விலகி வந்ததும் றோசா வீட்டுக் குருவிகள் அத்தனையும் எங்கள் பக்கம் இறங்கின.

அக்கா அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"எள்ளுத்தானே தம்பி இது?"

"ஓமக்கா" என்றேன். "எள்ளுத்தான்."