தாய்ச்சி மாஸ்டருக்கு நான் வைத்த சோதனை

பணப்பையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் முதல் நாள் தாய்ச்சி என்ற சீன உடற்பயிற்சி வகுப்புக்குக் கிளம்பினேன். எங்கள் அடுக்குமாடியின் லிஃப்ட் வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கு, அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு, புதனும் சனியும் காலையில், கீழே கூடைப்பந்துத் திடலில், இலவசம். அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்கு உறுத்தியது. ஜோர்ஜ்டவுனில் நான் இலவசமென்று போன இடத்திலெல்லாம் எதையாவது என் தலையில் கட்டித்தான் அனுப்பியிருக்கிறார்கள். இலவச ரத்தப் பரிசோதனைக்குப் போய்ச் சத்துமாவு டின்னோடு திரும்பினேன். இலவச சமையல் வகுப்புக்குப் போய், இன்றுவரை அடுப்பில் ஏற்றாத ஒரு சட்டியோடு திரும்பினேன். தாய்ச்சியின் முடிவில் காந்த மெத்தை வரும் என்று எதிர்பார்த்தேன். காசில்லாமல் வருகிறவளிடம் யார் எதை விற்க முடியும்? வீட்டுச் சாவியும் கைக்குட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

என் குணம் அப்படி. அதற்கு நான் மட்டுமே பொறுப்பு என்று சொல்லமாட்டேன். பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கும் மேலாகப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, நகத்தைவிடச் சிறிய துண்டுகளில் கீறலையும் அழுக்கையும் தேடுவதுதான் வேலை. நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் எதுவும் கண்ணில் படாது. குறை இருக்கிறது என்று முடிவுகட்டிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்தது அது. பணி ஓய்வு பெற்ற அன்று அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கண்ணைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

வகுப்புக்குப் போகக் காரணம் என் மகன். குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டேன். கோலாலம்பூரிலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்தவன், சாப்பிடக்கூட உட்காராமல், "மா, நீங்க தனியா இருந்தது போதும் லா. இன்னொரு தடவ விழுந்தீங்கன்னா வீட்ட வாடகைக்கு விட்டுட்டு என்கூட வந்துடணும். இதுல பேச்சே இல்ல," என்றான். அன்பில் சொன்னதுதான். ஆனால் அது என் வீடு. என் கணவர் போன பிறகு, சம்பளத்தில் பிடித்துப் பிடித்து நானே கடனைக் கட்டி முடித்த வீடு. எந்த நேரத்தில் எந்தச் சன்னலில் காற்று வரும் என்று எனக்குத் தெரியும். அவனுடைய பதினேழாவது மாடியில் சன்னலே திறக்காது. ஆகவே நான் விழக்கூடாது. கிளினிக்கில் டாக்டரும் உடம்பின் சமநிலைக்கு ஏதாவது பயிற்சி செய்யச் சொன்னார். விஷயம் அவ்வளவுதான்.

திடலில் பதினைந்து பேர் இருந்தார்கள். பெரும்பாலும் சீனப் பெண்கள், இரண்டு மலாய்க்காரர்கள், என்னைப் போலவே அன்றுதான் வந்து சேர்ந்த ஒரு சீனப் பெரியவர். சொல்லித்தர வந்தவள் தமிழ்ப் பெண். நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். எல்லோரும் அவளை மாஸ்டர் என்றார்கள். சீனர்களின் கலையைச் சீனர்களுக்கே ஒரு தமிழச்சி சொல்லித்தருகிறாள், அவர்களும் வாயைத் திறக்காமல் கையைத் தூக்குகிறார்கள் என்றால் இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது. முதலில் ஒரு படிவம் கொடுத்தாள். பெயர், வயது, நோய்கள், அவசரமென்றால் யாரைக் கூப்பிடுவது. மகன் எண்ணை எழுதிவிட்டுக் கடைசி வரிசையின் ஓரத்தில் போய் நின்றேன். அங்கே நின்றால் எல்லோரையும் நான் பார்க்கலாம், என்னை யாரும் பார்க்க முடியாது.

தாய்ச்சி தெரிந்தவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். முதல் ஐந்து நிமிடம் முன்னால் நின்ற பெண்ணின் முதுகைப் பார்த்துச் செய்துகொண்டிருந்தேன். திடீரென்று எல்லோரும் மெதுவாக, காலில் அச்சு பொருத்தியதுபோல், பின்பக்கம் திரும்பினார்கள். நானும் திரும்பினேன். எதிரே கூடைப்பந்துக் கம்பமும் காலி நாற்காலியும்தான் இருந்தன. கடைசியில் ஒளிந்திருந்தவள் எல்லோருக்கும் முன்னால் நிற்கிறேன். பார்த்துச் செய்ய ஒரு முதுகு இல்லை. என் பின்னால் இருந்த புதிய சீனப் பெரியவர் என்னை நம்பி, நான் தவறாகத் தூக்கிய கையையே அவரும் தூக்கினார். வெட்கத்தில் காது சுட்டது. மாஸ்டர் அருகில் வந்து, "புதுசா வர்றவங்க நடுவுல நிக்கணும் அக்கா. எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்களுக்கு முன்னாடி ஒரு ஆள் இருப்பாங்க," என்று கையைப் பிடித்து நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாள். நியாயமான பேச்சுத்தான். ஆனால் நாலு பக்கமும் ஆளை வைத்து என்னைக் கண்காணிக்க வசதி செய்துகொண்டாள் என்றுதான் அன்று நான் எடுத்துக்கொண்டேன்.

வாரங்கள் போயின. மெத்தையும் வரவில்லை, தண்ணீர் வடிகட்டியும் வரவில்லை. அது என் சந்தேகத்தை அதிகமாக்கியது. எதுவும் விற்காதவள் வேறு எதற்கு வருகிறாள்? செபராங் ஜெயாவிலிருந்து கடல் பாலத்தைக் கடந்து, வேலைக்குப் போகும் முன் வந்து போகிறாளாம். நாங்கள் செய்வதைக் கைப்பேசியில் படம் பிடிப்பாள். பாதம் எப்படி வைக்கிறோம் என்று எங்களுக்கே காட்டத்தான் என்றாள். வகுப்பு முடிந்து அவள் ஏதோ தட்டச்சு செய்வதையும், நடுவில் ஒருமுறை தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பதையும் நான் கவனித்து வைத்தேன்.

அவள் அடிக்கடி சொல்லும் ஒரு வாசகம் உண்டு. உடம்பின் பாரத்தையெல்லாம் ஒரு காலுக்கு மாற்றிய பிறகுதான் மற்றக் காலை எடுக்க வேண்டும் என்பதை, "அந்தக் காலைக் காலி பண்ணிட்டு அப்புறம் தூக்குங்க," என்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவன், "படி ஏறுறப்ப காலைக் காலி பண்ணிட்டுத் தூக்குங்கமா," என்றான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த வார்த்தை இவன் வாயில் எப்படி வந்தது? படிவத்தில் நான் எழுதிய எண் நினைவுக்கு வந்தது. அவள் என்னைப் பற்றி இவனுக்குச் சொல்கிறாள். நான் தடுமாறும் நாளுக்காக இரண்டு பேரும் காத்திருக்கிறார்கள். காலையில் எனக்குப் பாதத்தைத் திருத்திவிட்டு மாலையில் என் வீட்டைப் பிடுங்க வழி செய்கிறவளா இவள்?

நேரே கேட்டிருக்கலாம். ஆனால் ஆதாரமில்லாமல் பேசிப் பழக்கமில்லை. தொழிற்சாலையில் பரிசோதகர்களையே பரிசோதிக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். குறை உள்ள துண்டு ஒன்றை வேண்டுமென்றே தட்டில் கலந்து அனுப்புவார்கள். பிடிக்கிறோமா, விட்டுவிடுகிறோமா என்று பார்ப்பார்கள். அதையே நான் செய்தேன். அடுத்த புதன்கிழமை, ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியின்போது, லேசாகத் தடுமாறுவதுபோல் நடித்தேன். மகனிடமிருந்து போன் வருகிறதா பார்ப்போம், வந்தால் நடிப்பு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. என் கால் அந்தக் கணக்கைக் கேட்கவில்லை. நடிப்பு பாதியில் நிஜமாகி, திடலில் தடாலென்று விழுந்தேன். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. நாலு பக்கமிருந்தும் கைகள் வந்து தூக்கின. மாஸ்டர் காயத்தைத் துடைத்து மருந்து போட்டாள்.

அன்று மாலை மகன் அழைத்தான். முதல் மணியிலேயே எடுத்தேன். அவன் குரலில் அவ்வளவு உற்சாகம். "மாஸ்டர் மெசேஜ் போட்டாங்கமா. அம்மா இன்னிக்கு ரொம்ப நல்லா நின்னாங்கன்னு."

அந்த நொடியில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்று இதை என் வீட்டிலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன். ஆனால் எனக்குள் இருந்த பரிசோதகி துள்ளி எழுந்துவிட்டாள். பிடித்துவிட்டேன்! குறை உள்ள துண்டை நல்லது என்று முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறாள். "பொய்யிடா!" என்று கத்தினேன். "நான் விழுந்தேன். முழங்கையில ரத்தம். எல்லாரும் சேர்ந்துதான் தூக்கினாங்க. அவ உன்கிட்ட பொய் சொல்றா!" என்ன சொன்னேன் என்பது கத்தி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. "சனிக்கிழமை வரேன்மா," என்றான் அவன். அவ்வளவுதான்.

சொன்னபடியே வந்தான். திடலுக்குப் போய் மாஸ்டரிடம் எல்லோர் முன்னிலையிலும், "உங்கள நம்பித்தானே விட்டேன்?" என்று கேட்டுவிட்டு மேலே வந்து என் துணிகளை அடுக்க ஆரம்பித்தான். அவன் பெட்டியைக் காரில் வைக்க இறங்கியிருந்தபோது அவள் என் வாசலில் வந்து நின்றாள். நான் முந்திக்கொண்டேன். "நீங்க எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"நான் பொய் சொல்லல அக்கா. ஒரு நிமிஷம் நல்லா நின்னீங்க. அப்புறம்தான் விழுந்தீங்க. நின்னத மட்டும் சொன்னேன்." செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு பேசினாள். முதல் வாரத்திலேயே என் மகன் அவளை அழைத்து, அம்மா விழுந்தால் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறான். மாட்டேனென்றால் என்னை வகுப்புக்கே விடமாட்டான் என்று சரியென்றிருக்கிறாள். "எங்கம்மா புக்கிட் மெர்தாஜாம்ல தனியா இருந்தாங்க. ஒரு தடவ விழுந்தாங்க. பயந்துபோய் என் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். ஒரு வேலையும் செய்ய விடல. எல்லாத்தையும் கையில கொண்டுவந்து குடுத்தேன். ஒரு வருஷத்துல அம்மாவுக்கு நடக்கவே மறந்துபோச்சு. அவங்க விழுந்து போகல அக்கா. நான்தான் உக்கார வெச்சே அனுப்பிட்டேன்." பிறகு என் முழங்கையைத் திருப்பிப் பார்த்து, காயம் ஆறிக்கொண்டு வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. இன்றைக்கும் கேட்கவில்லை. எண் இருக்கிறது. தைரியம்தான் இல்லை.

இங்கே மகன் வீட்டில் என்னைத் தங்கமாக வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது, நானே சொல்கிறேன். தேநீர் கைக்கு வருகிறது. குளிக்கும்போது கதவைத் தாழிடாதீர்கள் என்று மருமகள் பக்குவமாகத்தான் சொன்னாள். கூடத்தின் மூலையில் சிறிய கேமரா ஒன்று இருக்கிறது. திருடனுக்காக என்றான் மகன். பதினேழாவது மாடிக்கு எந்தத் திருடன் வருவான் என்று நான் கேட்கவில்லை. அதன் கண் சமையலறைக்குள் எட்டாது என்பதை வந்த இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டேன். இருவரும் வேலைக்குப் போனதும் அங்கே போய், பாரத்தை இடது காலுக்கு மாற்றி, வலது காலைக் காலி செய்து தூக்குகிறேன். மனதுக்குள் எண்ணுகிறேன். முன்னால் எந்த முதுகும் இல்லாமலே இப்போது வருகிறது.

நேற்று இருபத்தெட்டு எண்ணும்போது விழுந்தேன். குளிர்சாதனப் பெட்டிக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் நடுவில், தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தூக்க யாரும் வரவில்லை. கையை ஊன்றி நானே எழுந்தேன். மாலையில் மகன் வந்து காலணியைக் கழற்றிக்கொண்டே, இன்றைக்கு எப்படி இருந்தீர்கள் என்று கேட்டான்.

"இன்னிக்கு ரொம்ப நல்லா நின்னேன்பா," என்றேன்.