பியானோ அக்காவின் தனிக் கச்சேரி

பாடுகிறவன் வாயைத் திறப்பதற்கு முன்பே அக்கா அவன் தோளைப் பார்த்துவிடுவார். தோள் மேலே ஏறினால் மூச்சு கழுத்தோடு நின்றுவிட்டது என்று பொருள். உடனே வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, அவனுக்கு மூச்சு முட்டுவதற்குள் வரியைக் கரை சேர்த்துவிடுவார்.

பல்கலைக்கழக இசைத் துறையில் எல்லோருக்கும் அவர் பியானோ அக்கா. துறைத்தலைவருக்கும் அக்காதான். வயதில் தலைவர்தான் மூத்தவர் என்பதை இருவருமே மறந்துவிட்டார்கள். யார் தேர்வுக்குப் பாடினாலும், யார் பரிசுக்குப் பாடினாலும் பின்னால் பியானோ வாசிப்பது அக்கா. உட்காரும் ஸ்டூலின் மூடியைத் திறந்தால் ஊக்கு, இருமல் மிட்டாய், ஒரு ஜோடி கறுப்பு சாக்ஸ். எல்லாம் முன்னால் நிற்பவர்களுக்காக.

"பாடுறவன் ரெண்டு வரி தாண்டிக் குதிச்சா நானும் பின்னாலேயே குதிச்சிடுவேன். ஒருத்தர் விழுந்தாதான் தப்பு. ரெண்டு பேரும் சேர்ந்து விழுந்தா அது ஸ்டைலு" என்பார்.

இந்த வருடம் துறைக்குப் புதுப் புத்தி வந்தது. பட்டம் வாங்கிய பிள்ளைகள் வேலையில்லாமல் வீட்டிலேயே சாதகம் செய்து உயிரை வாங்குகிறார்கள் என்று பெற்றோர் சண்டைக்கு வந்ததில், பாடத்திட்டமே தலைகீழானது. மாணவர்கள் இப்போது வேலை தேடுவதற்காகத் தங்களைத் தாங்களே படம் பிடிக்கிறார்கள். லிஃப்டில் பெரிய மனிதர் யாராவது மாட்டினால், அவர் இறங்குவதற்குள் தங்கள் பெருமையைச் சொல்லி முடிக்கப் பழகுகிறார்கள். எங்கள் கட்டடத்து லிஃப்ட் ஓடாததால் பயிற்சி மாடிப்படியில் நடக்கிறது.

ஆசிரியர்களையும் விடவில்லை. ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் தனியாக வாசித்து வீடியோ கொடுத்தால்தான் அடுத்த வருடம் வேலை. அக்கா இத்தனை காலமாக ஒப்பந்தம்தான்.

"வேலை போனாக்கூடப் பரவாயில்ல. பியானோவை வீட்டுக்கா தூக்கிட்டுப் போக முடியும்? எங்க வீட்ல கட்டில் போடவே இடமில்ல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வீடியோ வந்தது. பக்கத்து அறையில் இசைக் கோட்பாடு நடத்தும் என்னிடம்தான் முதலில் காட்டினார். லிப்ஸ்டிக்கெல்லாம் போட்டு அமர்க்களமாக உட்கார்ந்திருந்தார். சுரங்களைச் சேர்த்து அழுத்தி, அடக்கமாகச் சில தட்டல்கள். பிறகு நிறுத்தம். இடப்பக்கம் திரும்பி வெற்றிடத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு மறுபடி தொடர்ந்தார்.

"பாட்டு எங்கக்கா?"

நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயய்யோ! மனசுக்குள்ள ஒருத்தி பாடிக்கிட்டே இருந்தாளே. அவளை நம்பி வாசிச்சுட்டேனே!"

வேலையை நீட்டிப்பதா என்று முடிவு செய்யும் குழு அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, பெரிய மனது பண்ணி, நேரில் வாசிக்க இன்னொரு வாய்ப்புக் கொடுத்தது. ஒரு வாரம் முழுக்க அக்கா தனி உருப்படி ஒன்றைப் போட்டு உருட்டினார். அன்றைக்கு அரங்கில் நாலு வரி தாண்டவில்லை, விரல் சிக்கிக்கொண்டது. "போடா" என்று யாரிடமோ முணுமுணுத்தார். பிறகு, தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டின் பக்கவாத்தியத்தை, பாட்டே இல்லாமல், தலை நிமிர்ந்து வாசிக்க ஆரம்பித்தார்.

குழுவில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். ஒருவர் கைப்பேசியை எடுத்தார். குழுவில் இருந்த துறைத்தலைவர் மட்டும் நெளிந்தார். ஒருகாலத்தில் நன்றாகப் பாடியவர், நாற்காலி கிடைத்ததும் விட்டுவிட்டவர். பாட்டு வரவேண்டிய இடம் காலியாகப் போவதை அவரால் தாங்க முடியவில்லை. முதலில் முனகினார். அப்புறம் எழுந்தே நின்று பாடினார். மேல் சுரத்தில் மூச்சு தட்டுத்தடுமாறியபோது, அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்த இடத்தை நீட்டிப் பிடித்துக் காத்திருந்தார். தலைவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

முடிந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "இதையே பாடமா எடுங்கக்கா. நம்ம பசங்கள்ல பாதிப் பேருக்கு, பின்னால வாசிக்கிற இந்த வேலைதான் கிடைக்கப் போகுது" என்றார். குழுவில் மற்றவர்களும் சரியென்று தலையாட்டினார்கள்.

எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவுக்காகத்தான் தட்டினார்கள். அவரோ எழுந்து, ஓரடி பின்னால் போய், தலைவரைப் பார்த்துக் கையை நீட்டிக் காட்டினார்.